சேலை கார்டு யாருக்கு?

— பேச்ச மாத்தாத நிர்மல். இந்த சேலை கார்டு யாருக்கு?

— எட்டி, மெதுவா பேசு. வரிசையில நிக்க எல்லாரும் நம்மளத்தான் பாக்காங்க.

— பாக்கட்டும். ஆர்டிஓ ஆபீசுக்கு வண்டிய காட்டத்தானே வந்திருக்கோம்? வண்டியோட சேத்து ஓட்டறவனையும் பாத்துட்டுப் போகட்டும். சொல்லு, நான் புடவை கட்டிக்கிட்டு இந்த வண்டியில ஏறினது எத்தன தடவ?

— ஒரு தடவ. நம்ம கல்யாணத்தன்னைக்கு.

— அன்னைக்கும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்லயே முந்தானை கம்பியில மாட்டிக் கிழிஞ்சுது. சேலைய காப்பாத்தறதுக்குன்னு வெச்ச கம்பி சேலையவே கிழிச்சுது. மறுநாளே வேம்புலி அண்ணன் மெக்கானிக் கடையில நின்னு கழட்ட வெச்சேன். அண்ணே, உண்டா இல்லியா?

— உண்டு பாப்பா. நான்தான் கயட்னேன். தோ, இதே கையால.

— நாலு வருஷமா மொட்டையா ஓடுன வண்டிக்கு இப்ப யாருக்காக மாட்டுனீங்க?

— அது வந்து பாப்பா... மேட்டரு இன்னான்னா, பதினஞ்சு வருசமான வண்டி. மறுக்கா ரிஜிஸ்டர் பண்ணணும்னா இன்ஸ்பெட்டரு சுத்தி சுத்தி பாப்பாரு. ஆரன் அடிக்குதா, லைட் எரியுதா, கண்ணாடி கீதா, பின்சக்கரத்த மறைச்சிகினு சேலை கார்டு கீதா. அது இல்லேன்னா வண்டி ஃபெயிலு. அவ்ளோதான் மேட்டரு.

— கேட்டியா? அண்ணாச்சியே சொல்லுதாருல்லா. இன்னைக்கு செக்கிங்குக்காக மாட்டுனது.

— செக்கிங் இன்னைக்கு. இந்தக் கம்பி மேல சேறு காஞ்சு கெடக்குது பாரு, அது போன மாசத்து மழைச் சேறு. யாரு காதுல பூ சுத்தற?

— எனக்கு என்னட்டி தெரியும்? சர்வீஸுக்கு விட்டேன், எடுக்கப் போனப்ப மாட்டியிருந்துச்சு. செக்கிங் வருதுன்னு அண்ணாச்சி முன்கூட்டியே மாட்டிட்டாருன்னு நெனச்சேன். நானா கேக்கவே இல்ல.

— நீ கேக்கல. நானும் கேக்கல. அப்ப வண்டியே வாயத் தொறந்து, எனக்கு ஒரு கம்பி மாட்டுண்ணேன்னு கேட்டுச்சா?

— இல்ல பாப்பா, பார்ட்டி சொல்லிச்சி, நான் மாட்டினேன்.

— எந்தப் பார்ட்டி?

— ஐயே... வாய் தவறி வந்துட்ச்சி. நீ வாயும் வயிறுமா கீற, வெயில்ல நிக்காத. தோ அந்த வேப்பமரத்து நெயல்ல போய் குந்து. மாப்ள, நீ ஹேண்டில லெஃப்ட்டுல ஒடிச்சிப் புடி. சேஸிஸ் நம்பர பென்சில் பிரிண்ட் எடுக்கணும். இரும்புல வெட்டிகீற நம்பரு மேல பேப்பர வெச்சி சொம்மா தேச்சிகினே இருந்தா போதும், நம்பரு தானா மேல வந்துரும்.

— நானும் அதத்தாண்ணே பண்ணிட்டிருக்கேன். தேய்க்கத் தேய்க்க ஒண்ணொண்ணா மேல வருது. இந்த சீட்டப் பாருங்க. இடது ஓரம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. நான் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றவ. ஒரு பக்கமா உக்கார்றவ யாரு?

— அத்த நானும் கண்டேன். லெஃப்டு ஷாக்கு கூட லைட்டா எறங்கிகீது. பார்ட்டி கொஞ்சம் வெயிட்டு...

— அண்ணாச்சி!

— தோ, நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப? வண்டி சமாச்சாரம் தானே பேசறேன்.

— வெயிட்டா? அப்ப விஜி இல்ல. அவ ஊதினா பறந்துடுவா.

— விஜியா? எந்த விஜி?

— ஒண்ணுமே தெரியாத பாப்பா மாதிரி முழிக்காத. உன் ஆபீஸ் விஜி. வெள்ளிக்கிழமையானா பட்டுப்புடவை கட்டி போட்டோ போடறவ. டப்பா டப்பாவா மாங்கா ஊறுகாயும் கருவாட்டுத் தொக்கும் குடுத்து அனுப்பறவ. நானும் மசக்கையில நக்கி நக்கித் தின்னேன். அடுத்தவ கைப்பக்குவத்த புருஷன் வாங்கிட்டு வர்றான், நம்மளும் சப்புக் கொட்டித் தின்றோமேன்னு ராத்திரி படுத்தா வயிறு எரியும். காரத்துல எரியலன்னு எனக்கே தெரியும்.

— அத நீ எங்கிட்ட சொல்லவே இல்லியேட்டி.

— சொன்னா, ‘சந்தேகப் பிராணி’ன்னுவ. சரி, ஞாயித்துக்கிழமைக்கு வா. விடிஞ்சும் விடியாம கறி வாங்கப் போறேன்னு கெளம்பற. வெயில் ஏறினப்புறம் வர்ற. காட்டுப்பாக்கத்துல முக்குக்கு முக்கு கறிக்கடை. நீ போய் நின்னப்புறந்தான் ஆட்டுக்குட்டிய வளக்க ஆரம்பிக்கறானா?

— வேலப்பன்சாவடி பக்கம் போனா கறி எளசா இருக்கும்னு...

— எளசா! வேம்புலி அண்ணே, கேட்டீங்களா?

— நான் பென்சில் தேய்ச்சிகினு கீறேன் பாப்பா. எனக்கு காது கேக்கல.

— என் ஹெல்மெட்டுக்குள்ள கொண்டை ஊசி இருந்துது நிர்மல். என் முடி தோளக்கூட தொடாது. கொண்டை ஊசிய நான் எங்க சொருகுவேன்? நெத்தியிலயா?

— எட்டி...

— பேசாத. அத எடுத்து ஹேண்ட்பேக்ல போட்டு வெச்சிருக்கேன். லீவு போட்டுட்டு இந்த வெயில்ல எதுக்கு வந்தேன்னு நெனச்ச? உனக்குத் துணைக்கா? அஞ்சு மாசம் வயித்துல இருக்கும்போது எவளாவது ஆர்டிஓ ஆபீஸ சுத்திப் பாக்க வருவாளா? இந்த வண்டிய வித்துட்டு பழைய கார் ஒண்ணு வாங்கலாம், புள்ள வரப்போகுதுன்னு எத்தன தடவ சொன்னேன்? ‘இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், மறுபடி ரிஜிஸ்டர் பண்ணிரலாம்’னு ஒத்தக் கால்ல நின்ன. வண்டி மேல அப்படி என்ன பாசம்னு பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். பாசம் வண்டி மேல இல்ல, பின் சீட்டு மேல.

— கோவம் வந்துட்டா ஒனக்கு யாரு சொல்லுததும் காதுல ஏறாது. நான் சொல்லுதத ஒரு நிமிஷம் கேளு...

— அண்ணே, அந்த ஸ்பேனர இப்படி குடுங்க.

— இன்னாத்துக்கு?

— கழட்டறேன்.

— இன்னா பாப்பா நீ! நமக்கு மின்னாடி நாலே வண்டிதான் கீது. கயட்னா ஃபெயிலு. மறுக்கா டோக்கன் போட்டு, மறுக்கா லீவு போட்டு... இந்த மாசத்தோட ஆர்சியும் முடியுது. அப்பால ரோட்ல எடுத்தா போலீசு புட்சிப்பான்.

— புடிக்கட்டும். எந்தக் கம்பிய பாத்தா எனக்கு பத்திக்கிட்டு எரியுதோ, அந்தக் கம்பிய வெச்சுத்தான் இந்த வண்டி பாஸாகணும்னா, பாஸாகவே வேணாம். காலையில பொகை டெஸ்ட் எடுத்தானே, அவன் வண்டிக்கு பதிலா எனக்கு எடுத்திருக்கணும். மிஷினே வெடிச்சிருக்கும்.

— ஸ்பேனர கீழ வையி ஸ்டெஃபி.

— யாருன்னு சொல்லு, வைக்கிறேன்.

— சொன்னா நீ தாங்கிக்கிட மாட்ட.

— இவ்ளோ தாங்கலியா? சொல்லு. விஜியா, வேற எவளாவதா? கல்யாணம் ஆனவளா?

— ஆனவங்கதான்.

— மாதாவே! புள்ள வேற இருக்கா?

— இருக்கு. ஒரு பொம்பளப்புள்ள.

— வயசு?

— புள்ளைக்கா, அவுகளுக்கா?

— அவளுக்குடா!

— அறுபது இருக்கும்.

— ...என்ன?

— ஒங்கம்மாட்டி.

— எங்கம்மாவா?

— ஸ்டெஃபி? எட்டி, கீழ உக்காரு. அண்ணாச்சி, அந்தத் தண்ணி பாட்டில எடுங்க.

— தோ. குடி பாப்பா. மெதுவா. ஸ்பேனர எங்கையில குடுத்துட்டு குடி.

— ஸ்பேனர தர மாட்டேன். நிர்மல், பொய் சொல்றதுக்கு உனக்கு எங்கம்மாதான் கெடச்சாளா? உன் மூஞ்சிய கூட பாக்காதவ. கோயில்ல வெச்சு நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லன்னு, நான் வாசப்படி தாண்டுன அன்னைக்கே கதவ சாத்துனவ. அவ உன் வண்டியில ஏறுவாளா?

— நான்னு தெரிஞ்சு ஏறலட்டி. குமணன்சாவடி சிக்னல்ல ஒருநா காலையில நல்ல மழை. ஓரத்துல ஒரு அம்மா முட்டியப் புடிச்சிக்கிட்டு நிக்காவ. ஒரு ஆட்டோவும் நிக்கல. பாத்தா, ஒம்போன்ல இருக்க போட்டோவுல உள்ள மொகம். என்னையறியாம வண்டிய நிறுத்திட்டேன். ‘பைக் டாக்ஸியாப்பா?’ன்னு கேட்டாவ. ஹெல்மெட்டு கண்ணாடிய ஏத்தவே இல்ல. ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்.

— பைக் டாக்ஸியா?

— மாதா கோயில் வாசல்ல எறக்கிவிட்டேன். ‘அடுத்த வாரமும் ஏழு மணி பூசைக்கு வந்துரு தம்பி’ன்னாவ. மாட்டேன்னு எப்படிட்டி சொல்ல? ஆறு மாசம் ஆச்சு. பூசை முடியுத வரைக்கும் வெளிய நிப்பேன், திரும்ப வீட்டுல விடுவேன். வழியில கறி வாங்கிட்டு வந்துருவேன்.

— காசு குடுக்கறாளா?

— குடுப்பாவ. வாங்கலன்னா சந்தேகப்படுவாவளேன்னு வாங்கி, கோயில் உண்டியல்ல போட்டுருவேன்.

— அப்ப அந்த ஊறுகா...

— அவுக போட்டதுதான். ‘உன் சம்சாரம் எப்படி இருக்கா?’ன்னு ஒருநா கேட்டாவ. மாசமா இருக்கான்னு சொல்லிட்டேன். மறுவாரமே டப்பாவோட நின்னாவ. ஒங்கிட்ட யாரு குடுத்தான்னு சொல்ல? வாயில வந்த பேரு விஜி.

— எனக்குத் தெரியும். நாக்குல வெச்ச ஒடனே தெரிஞ்சுது. பூண்ட தட்டிப் போட்டு, கடைசியா ஒரு சிட்டிகை வெல்லம். நம்ம அம்மா மாதிரியே இவளும் போடறாளேன்னு அதுக்கும் சேத்து அந்த விஜிய திட்டுனேன். என்ன பேசுவா?

— யாரு, விஜியா?

— எங்கம்மா!

— எல்லாந்தான். மீனு வெலை, சாமியார் பிரசங்கத்த இழுத்துட்டே போறது, பக்கத்து ஊட்டுக்காரி மாடியில தண்ணி ஊத்துதது... வீடு வந்து சேர்றதே தெரியாது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாவ.

— சிரிப்பாளா?

— நல்லா சிரிப்பாவ.

— என்னைப் பத்தி கேட்டியா?

— ஒருநா கேட்டேன். ‘பிள்ளைக உண்டாம்மா?’ன்னேன். ‘ஒரே பொண்ணு, துபாய்ல இருக்கா’ன்னாவ.

— துபாயா? காட்டுப்பாக்கத்துக்கும் குமணன்சாவடிக்கும் ஷேர் ஆட்டோ ஏறினா ஒரு பாட்டு முடியறதுக்குள்ள வந்துடும். நான் துபாய்ல இருக்கேனாமா?

— விடுட்டி. பெரிய மனுஷி வாயில ஏதோ...

— விட மாட்டேன். இத்தன நாளா எவளோ ஒருத்தின்னு நெனச்சு எரிஞ்சேன். நெசமாவே எவளோ ஒருத்தியா இருந்திருந்தா கூட இவ்ளோ எரியாது நிர்மல். போன கிறிஸ்மஸுக்கு கேக் டப்பாவ தூக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். ‘வெச்சுட்டுப் போ’ன்னு கதவுக்கு உள்ளேருந்து கொரல் மட்டும் வந்துது. கொரல் மட்டும்! அதையே நெனச்சுக்கிட்டு ஒரு வாரம் கெடந்தேன். நீ என்னடான்னா வாராவாரம் முழுசா ஏத்தி எறக்கற. மீன் வெலை பேசற. உக்காந்தா உன்ன புடிச்சுக்குவாளா?

— ஸ்பீடு பிரேக்கர் வந்தா லேசா தோளப் புடிச்சுக்கிடுவாவ.

— எந்தத் தோளு?

— இது என்ன கேள்விட்டி? இந்தா, எடது தோளு.

— அது என் தோளு. அங்கதான் நான் தாடைய வெச்சுக்குவேன்.

— மாப்ள, இன்னும் ரெண்டு வண்டிதான் கீது. இன்ஸ்பெட்டரு அந்தப் பக்கம் ஒருத்தன போட்டு தாளிச்சிகினு கீறாரு, கண்ணாடி ஒண்ணுதான் கீதாம். வண்டிய தள்ளிகினு வா.

— தள்ள வேணாம். அண்ணே, இப்ப கழட்டுங்க.

— மறுக்காவா? அதான் யாருன்னு தெரிஞ்சிட்ச்சே பாப்பா!

— தெரிஞ்சதாலதான் சொல்றேன். புருஷன் என் புருஷன், தோளு என் தோளு, எடம் என் எடம். என்கிட்ட ஒரு வார்த்த பேசாதவ, நான் உக்கார்ற எடத்துல சொகுசா உக்காந்து, புடவை மாட்டாம இருக்க கம்பி வேற போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போவாளா? ஆண்டவருக்கே அடுக்காது. பேசிட்டு ஏறட்டும். இல்லன்னா நடக்கட்டும்.

— முட்டி வலிக்காரங்கட்டி. பாவம்லா.

— எனக்கு மட்டும் வலிக்கலியா? நீ அவ பக்கம்தான் பேசுவ. ஆறு மாசமா அவளோட சேந்து என்கிட்ட மறைச்சவன்தான நீ? இத எங்கிட்ட சொல்லியிருந்தா, தூரத்துல நின்னாவது அவ ஏறி எறங்கறத பாத்துட்டுப் போயிருப்பேன்ல?

— சொன்னா நீ வந்து நிப்ப. ஒன்னப் பாத்தா, நான் யாருன்னு அவுகளுக்கு தெரிஞ்சுரும். அப்புறம் வண்டியில ஏற மாட்டாவ, அந்த ஊறுகாயும் வராது. ஒனக்கு வாந்தி நிக்கதே அந்த ஊறுகாயிலதாம்லா?

— ஏற மாட்டாதான். நீ யாருன்னு தெரிஞ்ச அன்னைக்கே நடுரோட்ல எறங்கிடுவா. அவளுக்கு உன்ன புடிச்சிருக்குன்னு நெனச்சிட்டிருக்கியா? அவளுக்கு புடிச்சது யாரோ ஒரு டாக்ஸிக்காரன. ஹெல்மெட்ட கழட்டிட்டுப் போய் நில்லு பாப்போம்.

— தப்பு பாப்பா.

— என்னண்ணே தப்பு?

— இன்னாத்த சொல்றது... சொல்லக் கூடாதுன்னு ஒங்கம்மா ரோஸிக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிகீது. அப்பன் பேரு, ஆத்தா பேரு எல்லாம் சொல்லி வாங்கிகீது. ஆனா நீ ஸ்பேனரும் கையுமா நிக்கிற, இன்ஸ்பெட்டரு வேற வந்துகினு கீறாரு. மாப்ள, நீ ஹெல்மெட்டு கண்ணாடிய எறக்கி வுட்டுகினா ஆளு தெரியாதுன்னு நெனச்சியா? எந்தக் காலத்துல கீற நீ? அந்தம்மாக்கு மொத நாளே தெரியும்.

— என்ன அண்ணாச்சி சொல்லுதிய?

— உம்மூஞ்சிய அது பாத்ததில்ல, மெய்தான். வண்டிய பாத்துதே! எம்பொண்ணு எந்த வண்டி பின்னாடி ஏறிப் போனாளோ, அந்த வண்டி நம்பர நான் மறப்பனா வேம்புலின்னு கேட்டிச்சி. தெருமுனை வரைக்கும் பாத்துகினே நின்னுச்சாம், நீங்க போன அன்னிக்கி. அப்பால மழையில நீ வந்து நிக்க சொல்லோ, பைக் டாக்ஸியான்னு அதுவா எடுத்துக் குடுத்திச்சி. உங்கிட்ட பேசறதுக்கு அதுக்கு வேற வயி இன்னா கீது?

— அப்ப... ‘உன் சம்சாரம் எப்படி இருக்கா’ன்னு கேட்டதெல்லாம்...

— இவளத்தான். வாந்தி நின்னுட்ச்சா, தூக்கம் வருதா, காலு வீங்கிகீதா, டாக்டரு இன்னா சொன்னாங்க... எல்லாத்தையும் உங்கிட்ட கறந்துகினு வந்து, திங்கக்கெயம ஆனா எங்கடையில குந்திகினு எங்கிட்ட ஒப்பிக்கும். எம்பொண்டாட்டி மாசமா இருக்க சொல்லோ கூட நான் இவ்ளோ சமாச்சாரம் கேட்டுக்கல.

— உங்க கிட்டயுமா? ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி பேசுவா. என்னைத் தவிர.

— அழுவாத பாப்பா. பின்னாடி நிக்கிறவன் ஆரன் அடிக்கிறான் பாரு.

— நான் அழல. சரி, தெரிஞ்சேதான் ஏறுறா. தெரிஞ்சேதான் அவளுக்கு சொகுசா ஒரு கம்பியும் மாட்டச் சொல்லியிருக்கா. பார்ட்டின்னீங்களே, அவதானே அது?

— அதுதான்.

— அப்ப இன்னும் நல்லா கழட்டலாம். என்கிட்ட மட்டும் பேச மாட்டா, என் வண்டியில அவ புடவைக்கு காவல் கேக்குதா? தள்ளுங்க, நானே கழட்டறேன்.

— கயட்டு. நான் தடுக்கல. ஆனா கயட்றதுக்கு மின்னாடி ஒரே ஒரு மேட்டர மட்டும் கேட்டுக்கோ.

— என்ன?

— நீ இன்னிக்கி இன்னா போட்டுகினு வந்துகீற?

— சுடிதார். ஜீன்ஸ் பட்டன் போட வரல, ரெண்டு வாரமா. அதுக்கென்ன இப்ப?

— எட்டி, இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. அண்ணாச்சி, சட்டுனு சொல்லுங்க.

— ஒங்கம்மாக்கு கம்பி எதுக்கு? அது அஞ்சு மாசமா முந்தானைய இழுத்து சொருவிகினு, கம்பி இல்லாமயே சோக்கா போய் வந்துகினு இருந்திச்சி. போன மாசம் கடைக்கு வந்து இன்னா சொல்லிச்சி தெரியுமா? ‘டேய் வேம்புலி, எம்பொண்ணுக்கு இனிமே ஜீன்ஸ் ஏறாது, பொடவ கட்டிகினுதான் அவன் பின்னாடி குந்துவா. சக்கரத்துல மாட்டிக்கப் போவுது, சேலை கார்டு ஒண்ணு போட்டு நல்லா இறுக்கி வையி. நான் மாட்டச் சொன்னேன்னு மட்டும் அவளாண்ட சொல்லிடாத, சொன்னா அந்த நிமிசமே கயட்டச் சொல்லுவா.’